விதை ஆய்ந்த வேளாண் அறிஞர் ஹென்றி வாலஸ்

கல்வியின் பயன் யாது என்னும் வினாவிற்குப் பலர் பலவாறு விடை பகர்வர். பட்டம் பெறுதல் என்பார் சிலர். பதவி பெறுதல் என்பார் வேறு சிலர். கற்றவற்றைக் கொண்டு உண்மையை ஆய்ந்து அறிதலும், அறிந்த உண்மைக்காக இழப்பினை ஏற்றலுமே கல்வியின் பயன் என்பது நம் கருத்து. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இக்கருத்தினை விளக்கும் ஒருவரின் வாழ்க்கையை இளைஞர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் அமெரிக்க நாட்டில் வேளாண் ஆய்வாளராகத் தொடங்கித் துணைக் குடியரசுத் தலைவராக உயர்ந்து, பின்னர்ப் பெரும்பான்மையோரால் புறக்கணிக்கப்பட்ட ஹென்றி வாலஸ் ஆவார்.

வாலஸ் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவரல்லர்; நிலமும் செல்வாக்கும் உடைய வெள்ளையர் குடியில் பிறந்தவர். அங்ஙனமாயின் அவர் வாழ்க்கையை நாம் ஏன் கற்றல் வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடை அவர் வரலாற்றிலேயே உள்ளது.

பிறப்பும் குடும்பமும்

அயோவா மாநிலத்தில் ஆரியன்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் வாலஸ் பிறந்தார். பாட்டனார் சமய போதகராக இருந்து உழவர்க்கான இதழாசிரியரானவர். தந்தையார் ஏம்ஸ் நகரிலுள்ள மாநில வேளாண்மைக் கல்லூரியில் பால்பண்ணைத் துறை ஆசிரியராகப் பணியாற்றி, பின்னாளில் 1921 முதல் 1924 வரை நாட்டின் வேளாண் அமைச்சராக விளங்கியவர். மூவர்க்கும் ஹென்றி வாலஸ் என்பதே பெயர். குடும்பத்தார் நடத்திய உழவர் இதழ் அயோவாவில் வீடுதோறும் படிக்கப்பட்டது.

அடிமையாய்ப் பிறந்த ஆசான்

வாலஸ் சிறுவராயிருந்த காலத்தில் அக்கல்லூரியில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் கறுப்பின இளைஞர் பயின்று வந்தார். மிசௌரி மாநிலத்தில் அடிமைத் தாயின் வயிற்றில் அடிமையாகவே பிறந்தவர் அவர். கல்வி வேட்கையால் ஊர் ஊராக அலைந்து, துணி வெளுத்தும் சமையல் செய்தும் படித்தவர். கான்சஸ் மாநிலக் கல்லூரி ஒன்று அவர்க்கு இடமளித்துவிட்டு, நேரிற் கண்டபின் நிறத்தைக் காரணங்காட்டித் திருப்பி அனுப்பியது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1891இல் ஏம்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, அக்கல்லூரியின் முதற் கறுப்பின மாணவராகவும் முதற் கறுப்பின ஆசிரியராகவும் விளங்கினார்.

கார்வர் காடு மேடுகளில் செடி தேடிச் செல்லுங்கால் சிறுவன் வாலஸையும் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். பூவின் உறுப்புகள் இவை, மகரந்தம் சேரும் முறை இது, ஒரு புல்லை மற்றொரு புல்லினின்று வேறுபடுத்தி அறிவது இவ்வாறு என்றெல்லாம் அச்சிறுவனுக்குப் பொறுமையுடன் காட்டினார். செடிகளின்மீது தமக்குப் பற்று உண்டானது கார்வராலேயே என்று வாலஸ் பிற்காலத்தில் நன்றியுடன் எடுத்துரைத்தார். 1896இல் கார்வர் அலபாமா மாநிலத்து டஸ்கீஜி நிறுவனத்திற்குச் சென்று, தம் இன மக்களின் கல்விக்கும் உழவுக்கும் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அளித்தார்.

இளைஞர்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். உயர்ந்தோர் தாழ்ந்தோர்க்குக் கல்வி வழங்கியதாகவே நாம் பல கதைகள் கேட்டிருக்கின்றோம். இங்கோ அடிமையாய்ப் பிறந்தவர் வழங்கினார். பிற்காலத் துணைக் குடியரசுத் தலைவர் பெற்றுக்கொண்டார்.

அழகுக் கதிரும் விளைச்சலும்

அந்நாளில் அயோவாவில் மக்காச்சோளக் கதிர்க் கண்காட்சிகள் பெருஞ்சிறப்புடன் நடைபெற்றன. வரிசை பிறழாத மணிகளும், ஒரே பருமனும், நுனிவரை நிறைந்த தோற்றமும் உடைய கதிர்க்கே பரிசு. அத்தகைய கதிரின் வித்தே மிகுதியாக விளையும் என்பது அனைவரின் நம்பிக்கை. ஹோல்டன் என்னும் கல்லூரிப் பேராசிரியர் இக்கொள்கையை மாநிலமெங்கும் பரப்பி வந்தார்.

பதினாறு வயதுகூட நிரம்பாத வாலஸ் இதனை ஐயுற்றார். அழகிய கதிர், அழகற்ற கதிர் ஆகிய இருவகை வித்துகளையும் 1904இல் ஒரே நிலத்தில் தனித்தனி வரிசைகளாக விதைத்து, விளைந்ததை வரிசை வாரியாக நிறுத்துப் பார்த்தார். அழகில் முன்னின்றவை விளைச்சலில் முன்நிற்கவில்லை. அழகற்றவை என ஒதுக்கப்பட்ட சிலவற்றின் வித்தே மிகுதியாக விளைந்திருந்தது. தோற்றத்தைக் கொண்டு தரத்தை உரைக்க இயலாது. ஒத்த நிலத்தில் ஒத்த நீரும் எருவும் தந்து, களத்தில் அளந்து பார்த்தே உரைத்தல் வேண்டும் என்னும் உண்மை அவர் உள்ளத்தில் பதிந்தது.

வீரிய ஒட்டு விதை

1910இல் பட்டம் பெற்ற வாலஸ், குடும்ப இதழில் எழுதிக்கொண்டே மக்காச்சோள ஆய்வில் ஈடுபட்டார். மக்காச்சோளப் பயிரின் உச்சியிலுள்ள பூங்கொத்து ஆண். கதிரினின்று தொங்கும் பட்டிழை பெண். காற்றால் ஒன்றன் மகரந்தம் மற்றொன்றிற் சென்று சேரும். இதனைத் தடுத்து, ஒரு பயிரின் மகரந்தத்தை அதன் பட்டிழையிலேயே சேர்த்துப் பல தலைமுறை பயிரிட்டால் பயிர் மெலிந்து குறுகும். இங்ஙனம் மெலிந்த இரு வேறு வழிகளை ஒன்றோடொன்று கலந்தால், பிறக்கும் பயிர் வியக்கத்தக்க வீரியத்துடன் வளரும். ஜார்ஜ் ஷல் என்னும் அறிஞர் இதனை 1908இல் வெளியிட்டிருந்தார். எனினும் மெலிந்த தாய்ப்பயிர் தரும் விதை சிறிதே. ஆதலின் விலை மிகும். நான்கு வழிகளை இருமுறை கலந்து இக்குறையைப் போக்கும் முறையை டொனால்டு ஜோன்ஸ் என்பார் கண்டறிந்தார்.

இவ்வறிவினை உழவர் வயலுக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர் வாலஸ். அவர் உருவாக்கிய ஒட்டு வகை 1924இல் அயோவா விளைச்சல் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1926இல் ஒட்டு விதைக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அது பின்னாளில் பயனீர் என்னும் பெயருடன் உலகின் பெரும் விதை நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. 1940களின் தொடக்கத்தில் அயோவாவின் மக்காச்சோள நிலம் ஏறத்தாழ முழுமையும் ஒட்டு விதைக்கு மாறிவிட்டது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏக்கருக்கு ஏறத்தாழ 25 புஷல் விளைந்த மக்காச்சோளம், 1960களின் நடுவில் 70 புஷலைக் கடந்தது. புஷல் ஒன்று ஏறத்தாழ 25 கிலோ எடையாகும். உரமும் இயந்திரமும் இவ்வுயர்வுக்குத் துணைநின்றன எனினும், வித்தே அடிப்படை.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். ஒட்டு விதையின் விளைச்சலை எடுத்து வைத்து மறு ஆண்டு விதைத்தால் வீரியம் குன்றும். ஆதலின் உழவன் ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்கலானான். குதிரில் இருந்த விதை கடைக்குச் சென்றது. வாலஸும் அவர்தம் குடும்பத்தாரும் அதனால் பெருஞ்செல்வம் எய்தினர்.

வேளாண் அமைச்சர்

முதல் உலகப் போருக்குப்பின் விளைபொருள் விலை வீழ்ந்தது. உழவர் கடனில் மூழ்கினர். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அவர்தம் துயரைப் பன்மடங்காக்கிற்று. 1933இல் குடியரசுத் தலைவரான ரூஸ்வெல்ட், எதிர்க்கட்சிக் குடும்பத்தவராகிய வாலஸைத் தம் வேளாண் அமைச்சராக்கினார்.

விளைச்சல் மிகுந்தமையால் விலை வீழ்ந்தது. ஆதலின் விளைச்சலைக் குறைத்தல் வேண்டும் என்பது அரசின் திட்டம். அவ்வாண்டு சட்டம் நிறைவேறுமுன்னரே பருத்தி வளர்ந்து நின்றது. ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர்ப் பருத்தி மடக்கி உழப்பட்டது. அறுபது இலட்சம் பன்றிக் குட்டிகள் கொல்லப்பட்டன. நாட்டில் பலர் பட்டினி கிடக்க, உணவை அழித்த அமைச்சர் என்னும் பழி அவர்மேல் விழுந்தது. விளைச்சலைப் பெருக்கிய விஞ்ஞானியே விளைச்சலை அழிக்க ஆணையிட நேர்ந்தது காலத்தின் கொடுமை எனலாம். பின்னர் 1938இல், மிகுந்த ஆண்டில் தானியத்தைச் சேமித்துக் குறைந்த ஆண்டில் வழங்கும் களஞ்சியத் திட்டத்தைச் சட்டமாக்கினார். பண்டைச் சீனரின் களஞ்சிய முறை இதற்குத் தூண்டுகோலாய் இருந்தது. 1939இல் ஏழைகட்கு உணவு வாங்கும் சீட்டுகளும் முதன்முறையாக வழங்கப்பட்டன.

வாரக்குடிகளுக்கு நேர்ந்தது

வாலஸ் வாழ்வில் நாம் மறைக்கக் கூடாத பகுதி இது. தென் மாநிலங்களில் பருத்தி பயிரிட்டோருள் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாத வாரக்குடிகள். அவர்களுள் கறுப்பின மக்கள் மிகப் பலர். ஏழை வெள்ளையரும் இருந்தனர். பயிர்ப் பரப்பைக் குறைத்ததற்கான அரசின் பணம் நிலவுடைமையாளர் கைக்கே சென்றது. குடிகட்குரிய பங்கு பல இடங்களில் அவர்களைச் சேரவில்லை. உழ வேண்டிய நிலம் குறைந்தமையால், குடிகள் பலர் வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். 1934இல் அர்கன்சாஸ் மாநிலத்து டைரன்சா என்னும் ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றுகூடித் தென்மாநிலக் குடியானவர் சங்கம் அமைத்துப் போராடினர்.

வாலஸின் துறையிலிருந்த இளம் சட்ட அறிஞர் சிலர், ஒப்பந்தக் காலத்தில் குடிகளை வெளியேற்றலாகாது எனச் சட்டத்திற்குப் பொருள் கண்டனர். பெருநிலக்கிழார் சினந்தனர். அவர்தம் ஆதரவு இன்றேல் முழுத் திட்டமும் கவிழும் என்று அஞ்சிய வாலஸ், 1935 பிப்ரவரியில் அவ்வறிஞர்களின் பதவி நீக்கத்திற்கு இசைந்தார். நிலமற்றோர் பக்கம் நின்றோர் வெளியேறினர்; நிலமுடையோர் வென்றனர்.

பின்னர்த் தென் மாநிலங்களை நேரிற் கண்ட வாலஸ் அங்கிருந்த வறுமையால் உள்ளம் நைந்தார். குடியானவர் நிலம் வாங்கக் கடனுதவும் சட்டம் 1937இல் நிறைவேறிற்று. அதனை நடத்தத் தனி அமைப்பும் அவர் துறையில் ஏற்பட்டது. ஆயினும் வெளியேற்றப்பட்ட குடும்பங்கட்கு அது ஈடாகவில்லை. நல்லெண்ணம் உடையவரும் அதிகாரத்தில் அமர்ந்த பின்னர் வலியோர்க்கு வளைந்து கொடுப்பர் என்பதற்கு இது சான்று. தமக்கெனச் சங்கம் கண்டு, தம் குரலைத் தாமே எழுப்புதல் எளியோர்க்கு ஏன் இன்றியமையாதது என்பதும் இதனால் விளங்கும்.

பிறப்பும் அறிவும்

ஜெர்மனியில் ஹிட்லர் இன உயர்வு பேசி யூதரை வதைத்த காலம் அது. அமெரிக்காவிலும் பிறப்பால் அறிவு அமையும் எனப் பேசிய கல்விமான்கள் இருந்தனர். விதைகளின் வழிமரபை ஆய்வதையே தொழிலாகக் கொண்ட வாலஸ், 1939 பிப்ரவரியில், லிங்கன் பிறந்தநாளன்று நியூயார்க்கில் ஆற்றிய உரையில் இதனை மறுத்தார். ஏழைக் குழந்தைகட்கும் செல்வர் குழந்தைகட்கும் ஒரே உணவும் ஒரே கல்வியும் ஒரே வாய்ப்பும் தந்து வளர்த்தால், இயல்பான அறிவுத்திறனில் இரு சாராரிடையே வேறுபாடு காண இயலாது என்பது அவ்வுரையின் சாரம். ஓர் இனம் மற்றோர் இனத்தினும் பிறவியிலேயே உயர்ந்தது என்பதற்கு அறிவியலில் இடமில்லை என்று அவர் எடுத்துரைத்தார்.

நீண்ட காலம் வகுப்பறையில் நின்ற நமக்கு இதில் வியப்பில்லை. முதற் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை முதல் மாதத்தில் பின்தங்குவதைக் கண்டு, படிப்பு ஏறாது என முடிவு கட்டுவோர் கதிரின் அழகைப் பார்த்துப் பரிசு தந்தோரை ஒப்பர்.

துணைக் குடியரசுத் தலைவர்

1940இல் கட்சித் தலைவர் பலரின் எதிர்ப்பையும் மீறி ரூஸ்வெல்ட் வாலஸைத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குத் தேர்ந்தார். பதவி ஏற்குமுன் மெக்சிகோ சென்ற வாலஸ், அங்கு உழவர் பாடுபட்டும் விளைச்சல் குன்றியிருப்பதைக் கண்டார். அங்கு வேளாண் ஆய்வு தொடங்குமாறு ராக்பெல்லர் அறக்கட்டளையைத் தூண்டினார். 1943இல் ஆய்வு தொடங்கிற்று. 1944இல் நார்மன் போர்லாக் அதிற் சேர்ந்தார். அங்கு உருவான குட்டைக் கோதுமையின் விதை 18,000 டன் அளவில் 1966இல் இந்தியாவிற்கு வந்ததும், அக்காலை நடுவண் அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் அதற்கு வழிவகுத்ததும் நாம் அறிந்தவை. நம் நாட்டுப் பசுமைப் புரட்சியின் வேர்களுள் ஒன்று வாலஸின் அப்பயணத்தில் உள்ளது.

1942 மே 8ஆம் நாள் ஆற்றிய உரையில், போருக்குப் பின்வரும் நூற்றாண்டு எளிய மனிதனின் நூற்றாண்டாதல் வேண்டும் என்றார். அடிமை நாடுகள் விடுதலை பெறல் வேண்டும் என 1944இல் எழுதியபோது இந்தியாவையும் குறித்தார். பிரிட்டிஷ் அரசினர் வெகுண்டனர். அவ்வாண்டு ஜூலையில் கட்சி மாநாட்டில், வாக்களிக்கத் தலைவரி கேட்கும் தென்மாநில வழக்கம் ஒழிதல் வேண்டும் என்றும், நிறவேறுபாடு இன்றிக் கல்வியும் ஊதியமும் அமைதல் வேண்டும் என்றும் அஞ்சாது பேசினார். தென்மாநிலத் தலைவர்களும் நகர அரசியல் தலைவர்களும் கூடி அவரை ஒதுக்கி, ட்ரூமனை நிறுத்தினர். முதற்சுற்று வாக்கெடுப்பில் முன்னின்ற வாலஸ் இரண்டாம் சுற்றில் தோற்றார். 1945 ஏப்ரல் 12இல் ரூஸ்வெல்ட் மறைந்தார். ட்ரூமன் குடியரசுத் தலைவரானார். வாலஸ் துணைப் பதவியினின்று இறங்கி மூன்று மாதங்கூட ஆகவில்லை.

பழியும் பிழையும்

போருக்குப்பின் சோவியத் நாட்டோடு இணக்கம் வேண்டும் என வாலஸ் வாதிட்டார். வணிக அமைச்சராயிருந்த அவர் இதனை 1946 செப்டம்பரில் வெளிப்படையாகப் பேசியமையால் பதவி இழந்தார். அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்களுள் சில வீண்பழி, சில உண்மை. 1944இல் சைபீரியாவின் மகதான் பகுதிக்குச் சென்றபோது, அங்கிருந்த கைதிகளையும் காவற் கோபுரங்களையும் சோவியத் அதிகாரிகள் மறைத்துவிட்டனர். கொடிய சிறைப் பகுதியை வளமான குடியேற்றம் என நம்பிப் புகழ்ந்து எழுதினார். களத்தில் அளந்து பார்க்காமல் கதிரை நம்பலாகாது என்று கற்ற அவரே அங்கு அளக்க மறந்தார். இமயத்தின் குலு பள்ளத்தாக்கில் குடியேறிய ரஷ்ய ஓவியர் ரோரிக்கைக் குருவாகக் கருதி முன்னர் எழுதிய மடல்களும் தேர்தல் வேளையில் வெளிப்பட்டு நகைப்பிற்கு இடமாயின.

1948 தேர்தல்

1948இல் முற்போக்குக் கட்சியின் சார்பில் வாலஸ் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து அமர்த்தும் கூட்டத்திற் பேசுவதில்லை, பிரித்து நடத்தும் விடுதியில் தங்குவதில்லை என உறுதி பூண்டு தென் மாநிலங்களில் பயணம் செய்தார். வட கரோலினாவில் முட்டையும் தக்காளியும் அவர்மேல் வீசப்பட்டன; ஆதரவாளர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். பர்மிங்காம் நகரில் கூட்டத்தாரைக் கயிறு கட்டிப் பிரித்திருந்தமையால் அங்குப் பேச மறுத்தார்.

அறிஞர் டூபாய்சும் பாடகர் பால் ரோப்சனும் அவரை ஆதரித்தனர். பொதுவுடைமையரின் ஆதரவைத் தள்ள மறுத்ததனால் நாட்டினர் அவரை ஐயுற்றனர். கறுப்பின வாக்காளருள்ளும் பெரும்பாலோர், படையில் நிறப்பாகுபாட்டை நீக்க ஜூலையில் ஆணையிட்ட ட்ரூமனுக்கே வாக்களித்தனர். அவ்வாணை வெளிவந்ததற்கு வாலஸின் போட்டியும் ஒரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர். வாலஸ் பெற்றது ஏறத்தாழ 11,57,000 வாக்குகள். நூற்றுக்கு இரண்டரைக்கும் சற்றுக் குறைவு. ஒரு மாநிலத்திலும் அவர் வெல்லவில்லை.

இறுதிக் காலம்

1950இல் கொரியப் போர் மூண்டபோது தம் நாட்டு நிலையை ஆதரித்துக் கட்சியினின்று விலகினார். சோவியத் நாட்டைப் பற்றிய தம் கணிப்பு பிழையென 1952இல் வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். நியூயார்க் மாநிலத்து சவுத் சேலம் பண்ணையில் மக்காச்சோளம், கோழி, ஸ்ட்ராபெரி ஆகியவற்றின் ஆய்வில் மீண்டும் மூழ்கினார். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் பற்றியபோது, அதன் போக்கையும் ஆய்வாளர் கண்கொண்டு குறித்து வைத்தார். 1965 நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டுவன

வாலஸைத் தெய்வமாக்குதல் நம் நோக்கமன்று. அவரையும் அவர் கற்பித்த அளவுகோலாலேயே அளத்தல் முறை. 1935இல் வாரக்குடிகளைக் கைவிட்டார், அது குறை. 1948இல் தோல்வி உறுதியெனத் தெரிந்தும் சமமான இருக்கைக்காகக் கல்லடிக்கு நிகரான அவமதிப்பை ஏற்றார், அது நிறை. இரண்டையும் மறவாது எழுதுதலே வரலாறு.

இளைஞர்களே! கார்வருக்கு ஒரு கல்லூரி கதவடைத்தது. மற்றொரு கல்லூரி கதவைத் திறந்தது. திறந்த அக்கதவினால் பயனுற்றவர் கார்வர் மட்டுமல்லர். அவர் கைப்பிடித்து நடந்த சிறுவன் வழியே பல நாட்டு உழவரும் பயனுற்றனர். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் திறந்து வைத்திருக்கும் கதவும் அத்தகையதே. அதன்வழி நுழைந்தோர் தாம் கற்றதைத் தம் தெருவிலுள்ள ஒரு பிள்ளைக்கேனும் கற்பிப்பாராக. பிறப்பைக் காட்டி எவரேனும் நம் பிள்ளைகளின் தரத்தை உரைப்பாராயின், ஒத்த நிலமும் ஒத்த நீரும் தந்தபின் களத்தில் அளக்கலாம் எனத் தலைநிமிர்ந்து விடை கூறுவோமாக.